மண்ணின் வில்லங்கம்

பிட்ஸ்பர்க் நகரத்தில், அலெகெனி ஆற்றின் நடுவே, 42 ஏக்கரில் ஒரு தீவு இருக்கிறது. பழைய பெயர் ஹெர்ஸ் தீவு. இப்போது வாஷிங்டன்ஸ் லேண்டிங். 1753 டிசம்பரில், இளைஞராக இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் பனிக்கட்டி மிதந்த இந்த ஆற்றைத் தெப்பத்தில் கடக்கும்போது தவறி விழுந்து, ஒரு தீவில் ஒதுங்கி உயிர் பிழைத்தார். அந்தத் தீவு இதுதான் என்பது உள்ளூர் நம்பிக்கை. இன்று போனால் வரிசை வீடுகள், படகோட்டும் சங்கம், சைக்கிள் பாதை, டென்னிஸ் மைதானம் எல்லாம் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக நல்ல இடம்.

அந்த டென்னிஸ் மைதானத்துக்கு அடியில் நஞ்சு இருக்கிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்து, பொதுப் பணத்தில், திட்டம் போட்டுத்தான் அதை அங்கே வைத்தார்கள். ரயிலில் வந்த ஆடுமாடுகளை இறக்கி இளைப்பாற விடும் பட்டிகள் ஒரு காலத்தில் இந்தத் தீவில் இருந்தன. கூடவே இறைச்சிக்கூடமும் கொழுப்பு உருக்கும் ஆலையும். காற்று அடிக்கிற திசையைப் பார்த்து ஜன்னலைச் சாத்திய ஊர் இது. 1980களில் நகரத்தின் மறுவளர்ச்சி ஆணையம் தீவைச் சீர்செய்ய இறங்கியபோது, மின்மாற்றி எண்ணெயில் ஒரு காலத்தில் கலந்துவந்த பிசிபி என்ற வேதிப்பொருள் ஏறிய மண் அகப்பட்டது. அதை லாரி லாரியாக அள்ளி வெளியூர் அனுப்புவது பெரிய செலவு. ஆகவே தீவிலேயே குழி வெட்டி, நீர் புகாத உறை விரித்து, மண்ணைக் கொட்டி மூடி, மேலே மைதானம் போட்டார்கள்.

கெட்டுப்போன நிலத்தை மீட்பது என்றால் பெரும்பாலும் நடப்பது இதுதான். நஞ்சை எங்கோ ஓரிடத்தில் பூட்டி வைத்துவிட்டு, மேலே புதிய வாழ்க்கையைத் தொடங்குகிறோம். பூட்டுக்கு யார் காசு கொடுத்தது, சாவி யார் கையில், மேலே வந்த புதிய வாழ்க்கை யாருடையது? பிட்ஸ்பர்க்கைச் சுற்றிய ஆற்றங்கரைகளில் கடந்த நாற்பது வருஷமாக நடந்ததை இந்த மூன்று கேள்விகளோடு பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

*

என் மாமனார் பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களைப் பார்க்க வந்திருந்தபோது அவரை ஹோம்ஸ்டெட் வாட்டர்ஃபிரண்ட் என்கிற கடைத்தொகுதிக்குக் கூட்டிப்போனேன். சினிமா அரங்கம், துணிக்கடை, உணவகங்கள், பெரிய கார் நிறுத்துமிடம். அதன் ஓரத்தில் பன்னிரண்டு செங்கல் புகைபோக்கிகள் வரிசையாக நிற்கின்றன. அடியில் ஆலை கிடையாது, புகைபோக்கிகள் மட்டும்.

எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மாப்ளே, இதுக்குக் கீழ இருந்த ஃபேக்டரி எங்க?"

"மூடி இடிச்சுட்டாங்க மாமா. ஒரு காலத்துல உலகத்துலயே பெரிய ஸ்டீல் ஆலைகள்ல ஒண்ணு."

கொஞ்ச நேரம் சும்மா நின்றார். அப்புறம் தொழில் புத்தி எட்டிப் பார்த்தது. "அப்போ இந்த எடத்துல ஏகப்பட்ட வில்லங்கம் இருந்திருக்குமே. யாரு தீர்த்தாங்க?"

வில்லங்கம் என்று அவர் நினைத்தது அடமானம், கோர்ட் வழக்கு, பங்காளித் தகராறு. ஆனால் அந்தச் சொல்லை விட இந்த விஷயத்துக்குப் பொருத்தமாக வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை. நூறு வருஷம் இரும்பு உருக்கிய நிலத்தில் ஈயம், ஆர்சனிக், எண்ணெய், தார் என்று பலதும் இறங்கியிருக்கும். அது முன்னால் அனுபவித்தவர் விட்டுப்போன கடன். பத்திரத்தில் பெயர் மாறினாலும் கடன் மண்ணோடு கூடவே வரும். அமெரிக்காவில் அந்தக் கடனை யார் தீர்ப்பது என்ற கேள்விக்கு ஒரு சட்டம் பிறந்ததே ஒரு கிரயப் பத்திரத்தால்தான். அதற்குப் பிட்ஸ்பர்க்கை விட்டு வடக்கே, நயாகரா அருவி ஊருக்குப் போக வேண்டும்.

அங்கே லவ் கேனால் என்று பாதியில் கைவிடப்பட்ட ஒரு கால்வாய் இருந்தது. ஹூக்கர் கெமிக்கல் என்ற நிறுவனம் 1942 முதல் 1953 வரை அதற்குள் ஏறக்குறைய 21,000 டன் ரசாயனக் கழிவைக் கொட்டி மண் போட்டு மூடியது. 1953ல் அந்த நிலத்தை ஊர்ப் பள்ளி வாரியத்துக்கு விற்றது. விலை ஒரு டாலர். பத்திரத்தில் ஒரு ஷரத்து இருந்தது: இங்கே கழிவு புதைந்திருக்கிறது, இனி ஏதாவது ஆனால் எங்கள் மேல் வழக்கு வரக் கூடாது. வாரியம் கையெழுத்துப் போட்டது. பள்ளிக்கூடம் வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. வீடு வாங்கியவர்களுக்கு அந்த ஷரத்தை யாரும் படித்துக் காட்டவில்லை.

இருபது சொச்சம் வருஷம் கழித்து, மழைக்குப் பிறகு அடித்தளங்களில் கறுப்புத் திரவம் கசிந்தது. லோயிஸ் கிப்ஸ் என்ற இளம் தாய் வீடு வீடாகப் போய் யார் வீட்டில் என்ன நோய் என்று கணக்கெடுத்தார். 1978 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலம் சுகாதார அவசரநிலை அறிவித்து, கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் வெளியேற வேண்டும் என்றது. சில நாட்களில் ஜனாதிபதி கார்ட்டர் கூட்டாட்சி அவசரநிலை அறிவித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 1980 டிசம்பரில் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டம்.

அந்தச் சட்டத்தின் சாரம், கெடுத்தவர்தான் கட்ட வேண்டும் என்பது. கழிவைக் கொட்டியவர், அப்போதைய உரிமையாளர், இப்போதைய உரிமையாளர் என்று யாரையும் பிடிக்கலாம். கொட்டிய காலத்தில் அது சட்டப்படி சரியாக இருந்தது என்ற சாக்கு செல்லாது. பத்துப் பேர் கெடுத்ததற்கு, அகப்பட்ட ஒருவரிடமே முழுச் செலவையும் கேட்கலாம். ஆளே அகப்படாவிட்டால் ஒரு நிதியிலிருந்து செலவு செய்யலாம். அந்த நிதிக்கு எண்ணெய், ரசாயன நிறுவனங்கள் மேல் வரி. ஒரு டாலர் பத்திரத்துக்கு நாடு கொடுத்த பதில் இது. நியாயமான பதில் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் நியாயமான சட்டத்துக்கும் பக்கவிளைவு உண்டு. இப்போதைய உரிமையாளரும் மாட்டுவார் என்றால், பழைய ஆலை நிலத்தை எவன் வாங்குவான்? 1990ல் ஒரு வழக்கில், கடன் கொடுத்த வங்கி கூட ஆலை நிர்வாகத்தில் போதுமான பிடி வைத்திருந்தால் பொறுப்பாளி ஆகலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வங்கிகள் கையை இழுத்துக்கொண்டன. புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் ஊருக்கு வெளியே சோளக்காட்டை வாங்கினார்கள். விற்றால் சோதனை, சோதித்தால் பொறுப்பு. அதைவிட வேலி போட்டுப் பூட்டி வைப்பது லாபம் என்று பழைய உரிமையாளர்களும் இருந்துவிட்டார்கள். இப்படிக் கிடந்த நிலங்களுக்கு 1990களின் தொடக்கத்தில் பிரவுன்ஃபீல்டு என்று பெயர் வந்தது. நாடு முழுக்க அப்படிப்பட்ட இடங்கள் 4,50,000க்கு மேல் என்பது கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமையின் மதிப்பீடு.

*

இப்போது ஹோம்ஸ்டெட்டுக்குத் திரும்பலாம்.

மொனொங்காஹீலா ஆற்றங்கரையில் இருக்கும் இந்தச் சிற்றூரின் ஆலையை 1883ல் ஆண்ட்ரூ கார்னகி வாங்கினார். 1892ல் தொழிற்சங்கத்தை உடைக்க அவருடைய பங்காளி ஹென்றி ஃப்ரிக் கதவடைப்பு செய்தார். ஜூலை 6 அன்று 300 பிங்கர்ட்டன் தனியார் காவலர்கள் படகில் வந்திறங்க, தொழிலாளர்கள் கரையில் நின்று எதிர்த்தார்கள். நாள் முழுக்கத் துப்பாக்கிச் சண்டை. இரு தரப்பிலும் உயிர்கள் போயின. கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். சங்கம் தோற்றது, அடுத்த நாற்பது வருஷத்துக்கு எஃகு ஆலைகளில் சங்கம் தலையெடுக்கவில்லை.

இன்னொரு சம்பவம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1941ல், யுத்தத்துக்கு எஃகு வேண்டும் என்று அரசு ஆலையை விரிவாக்கியது. அதற்காக ஹோம்ஸ்டெட்டின் ஆற்றங்கரைக் குடியிருப்பையே இடித்தார்கள். சுமார் 8,000 பேர் வீட்டை விட்டார்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைகளும் கறுப்பினத்தவர்களும் வாழ்ந்த தெருக்கள், அவர்களுடைய கோயில்கள், கடைகள் எல்லாம் போயின. ஆக, இன்று கடைத்தொகுதி இருக்கும் இடத்தின் கீழே ஓர் ஆலை, அந்த ஆலையின் கீழே ஓர் ஊர்.

யுத்த காலத்தில் இங்கே சுமார் 15,000 பேர் வேலை பார்த்தார்கள். 1980களில் எல்லாம் சரிந்தது. காரணங்கள் பல: மலிவான இறக்குமதி, புதுப்பிக்காத பழைய உலைகள், பழைய இரும்பை மின்சாரத்தில் உருக்கும் சிறிய ஆலைகளின் போட்டி, லாபத்தை எஃகில் போடாமல் எண்ணெய் நிறுவனம் வாங்கிய நிர்வாகம். பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆலை வேலைகள் போயின. 1986 ஜூலையில் ஹோம்ஸ்டெட் ஆலை மூடப்பட்டது.

அந்தச் சமயத்தில் தொழிலாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. பக்கத்தில் டுகேன் ஊரில் டோரதி சிக்ஸ் என்று ஓர் ஊதுலை இருந்தது. 1960களில் கட்டியது, அந்தப் பள்ளத்தாக்கிலேயே பெரியது, நன்றாக ஓடக்கூடியது. 1984ல் அதை நிறுத்தியபோது, இடிக்க விடக் கூடாது என்று தொழிலாளர்களும் பாதிரியார்களும் போராடினார்கள். பனிக்காலத்தில் உலையின் குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்கத் தாங்களே பாதுகாப்பு வேலை செய்தார்கள். 1986ல் பள்ளத்தாக்கின் உள்ளாட்சிகள் பல சேர்ந்து ஸ்டீல் வேலி அத்தாரிட்டி என்ற வட்டார அமைப்பை உருவாக்கின. பொது நன்மைக்காகத் தனியார் சொத்தைக் கையகப்படுத்தும் அதிகாரம் சட்டப்படி அதற்கு இருந்தது. நெடுஞ்சாலைக்கு வீட்டை எடுக்கலாம் என்றால், வேலையைக் காப்பாற்ற ஆலையை எடுக்கக் கூடாதா என்பது அவர்கள் வாதம். 1941ல் ஆலைக்காக வீடுகளை எடுத்த ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரு தனி அர்த்தம் உண்டு.

அதிகாரம் இருந்தது, பணம் இல்லை. உலையை வாங்கி ஓட்ட நூறு மில்லியன்களில் முதலீடு வேண்டும், யாரும் தரவில்லை. 1988ல் டோரதி சிக்ஸை வெடி வைத்துத் தகர்த்தார்கள். பிறகு அந்த நிலத்துக்கு வந்தது இன்னொரு வட்டார அமைப்பு. 1955ல் தொடங்கிய, இலாப நோக்கமில்லாத வட்டாரத் தொழில் வளர்ச்சிக் கழகம் டுகேன், மக்கீஸ்போர்ட் ஆலை நிலங்களை எடுத்து, சீர்செய்து, தொழிற்பேட்டைகளாக மாற்றியது. ஆலையைக் காப்பாற்றக் கிடைக்காத பொதுப் பணம், ஆலை செத்த பிறகு நிலத்தைக் கழுவக் கிடைத்தது. இந்த வரலாற்றில் என் மனசு சமாதானம் ஆகாத இடம் இதுதான்.

*

நிலம் கையில் வந்தாலும் கழுவுவது லேசு இல்லை. ஜோன்ஸ் அண்ட் லாஃப்லின் ஆலை நின்ற 48 ஏக்கரை நகர மறுவளர்ச்சி ஆணையம் 1983ல் வாங்கி, தொழில்நுட்பப் பூங்கா கட்டத் திட்டமிட்டது. வேலை நடக்கும்போது சயனைடு சேர்மம் கலந்த மண் தட்டுப்பட்டது. எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்று திட்டவட்டமாகச் சொல்ல ஆளில்லை. திட்டம் இழுத்துக்கொண்டே போனது.

இந்தச் சிக்கலுக்குப் பென்சில்வேனியா மாநிலம் 1995ல் ஒரு தீர்வு கொண்டுவந்தது. ஆளுநர் டாம் ரிட்ஜ் மே மாதம் கையெழுத்திட்ட மூன்று சட்டங்கள். முதலாவது, நில மறுசுழற்சிச் சட்டம். 'சுத்தம்' என்பதற்கு அது மூன்று அளவுகோல் வைத்தது. ஒன்று, அக்கம்பக்கத்து மண்ணில் இயல்பாக இருக்கும் அளவுக்குக் கொண்டுவருவது. இரண்டு, மாநிலம் முழுமைக்கும் வகுத்த உடல்நல வரம்புக்குள் கொண்டுவருவது. மூன்று, அந்தக் குறிப்பிட்ட இடத்தில் மனிதர்கள் மேல் நஞ்சு படும் வழியை அடைப்பது. அதாவது நஞ்சு கீழே இருக்கலாம், மேலே கான்கிரீட்டோ புது மண்ணோ போட்டு மூடிவிட வேண்டும். இவற்றில் ஒன்றை நிறைவேற்றி மாநிலத்தின் ஒப்புதல் பெற்றால், மாநிலச் சட்டத்தின்படி அந்தக் கழிவுக்கான பொறுப்பிலிருந்து விடுதலை. அடுத்து வாங்குகிறவருக்கும் அது பொருந்தும். இரண்டாவது சட்டம் வங்கிகளையும் வளர்ச்சி அமைப்புகளையும் பயத்திலிருந்து விடுவித்தது. மூன்றாவது, மண் சோதனைக்கு உள்ளாட்சிகளுக்கு மானியம் கொடுத்தது. சுத்தம் செய்யும் வேலைக்கே மானியமும் குறைந்த வட்டிக் கடனும் தரும் மாநிலத் திட்டமும் சேர்ந்துகொண்டது.

டெல்லிக்குப் பதில் சென்னை முந்திக்கொள்வது மாதிரி, இதில் வாஷிங்டனுக்கு முன்னால் மாநிலங்கள் நடந்தன. கூட்டாட்சி முகமை 1993ல் ஓஹையோவின் கயஹோகா கவுண்டியில் ஒரு முன்னோட்ட மானியத்தோடு தொடங்கி, சிறுகச் சிறுகப் பரப்பியது. முழுமையான பிரவுன்ஃபீல்டு சட்டம் 2002 ஜனவரியில்தான் வந்தது. ஜனாதிபதி புஷ் அதில் கையெழுத்திட்ட இடம் பென்சில்வேனியாவின் கான்ஷோஹாக்கன் என்ற பழைய ஆலை ஊர். தெரியாமல் வாங்கியவர், முறையாக விசாரித்து வாங்கியவர் ஆகியோருக்கு அது பாதுகாப்பு தந்தது. மானியத்தையும் சட்டமாக்கியது.

இதற்கிடையே இன்னொன்று சத்தமில்லாமல் நடந்துவிட்டது. எண்ணெய், ரசாயன நிறுவனங்கள் மேல் சூப்பர்ஃபண்டுக்காகப் போட்ட வரி 1995 இறுதியில் காலாவதியாயிற்று. நாடாளுமன்றம் புதுப்பிக்கவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, 2021லும் 2022லும் வந்த சட்டங்களில்தான் அது திரும்பியது. இடைப்பட்ட காலத்தில், பொறுப்பாளி அகப்படாத இடங்களைச் சுத்தம் செய்யும் செலவு மெல்ல மெல்லப் பொது வருவாயின் தலையில் விழுந்தது. கெடுத்தவர் கட்ட வேண்டும் என்று ஆரம்பித்த கதை, கெடுத்தவர் போய்விட்டார், ஊரே கட்டட்டும் என்று மாறியது. யாரும் அப்படி அறிவிக்கவில்லை. ஒவ்வொரு பட்ஜெட்டாக அப்படி ஆனது.

*

ஊர் கட்டியதற்கு ஊருக்கு என்ன கிடைத்தது? ஓர் இடத்துக்கு ஒரு பதில்.

ஹோம்ஸ்டெட் ஆலையை 1988ல் வாங்கிய நிறுவனம் இடித்துப் பழைய இரும்பை விற்றது. பிறகு ஒரு கட்டுமான நிறுவனம் வந்து, சுமார் 260 ஏக்கரில் 1999ல் வாட்டர்ஃபிரண்டைத் திறந்தது. சாலைக்கும் சாக்கடைக்கும் பணம் வந்த வழியைக் கவனிக்க வேண்டும். இந்த இடம் வளர்ந்தால் சொத்துவரி கூடும் அல்லவா? கூடப்போகும் அந்த வரியை முன்கூட்டியே அடகு வைத்துக் கடன் வாங்கினார்கள். ஹோம்ஸ்டெட், மன்ஹால், மேற்கு ஹோம்ஸ்டெட் என்ற மூன்று சிற்றூர்களின், அவற்றின் பள்ளிகளின் வருங்கால வருமானம் அது.

பலன் இல்லை என்று சொன்னால் பொய். ஹோம்ஸ்டெட் 1993ல் மாநிலத்தின் நிதி நெருக்கடி ஊர்கள் பட்டியலில் விழுந்தது. கடைத்தொகுதி வந்த பிறகு, 2007ல் வெளியே வந்தது. ஆனால் வாட்டர்ஃபிரண்டுக்கும் ஊரின் பழைய கடைவீதியான எட்டாவது அவென்யூவுக்கும் நடுவே ரயில் தண்டவாளங்கள் ஓடுகின்றன. கூட்டம் காரில் வந்து அந்தப் பக்கமே சாப்பிட்டு, வாங்கி, கிளம்பிவிடும். இந்தப் பக்கம் பூட்டிய கடைகள் வெகுகாலம் பூட்டியே கிடந்தன. அப்பா உலையில் சங்கக் கூலி வாங்கிய இடத்தில் மகன் மணிக்கூலிக்குச் சட்டை மடித்து அடுக்குகிறான். அதையும் வேலை என்றே புள்ளிவிவரம் எண்ணும்.

நைன் மைல் ரன் ஓடையின் கதை கொஞ்சம் வேறு. 1910ல் இளைய ஓல்ம்ஸ்டெட், நகரத்துக்கு எழுதிய அறிக்கையில் அந்தப் பள்ளத்தாக்கைப் பூங்காவாக்கச் சொன்னார். 1922ல் ஒரு கசடு நிறுவனம் அதை வாங்கியது. ஐம்பது வருஷம், 1972 வரை, உலைக்கசடு கொட்டிக் கொட்டிப் பத்து மாடி உயரத்துக்கு மலையே எழும்பியது. அதில் புல்கூடச் சரியாக முளைக்காது; வழியும் நீரில் காரம் ஏறியிருக்கும். மறுவளர்ச்சி ஆணையம் 1995ல் 238 ஏக்கரை 38 லட்சம் டாலருக்கு வாங்கியது. மேலே வீடு கட்ட வேண்டும், அதற்காக ஓடையைக் குழாய்க்குள் புதைத்துவிடலாம் என்பது ஆரம்பத் திட்டம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கலைஞர்கள் சிலர் 1997லிருந்து மூன்று வருஷம் அங்கேயே பொதுமக்களைக் கூட்டி, நடந்து காட்டி, விவாதம் வைத்தார்கள். ஓடை தப்பியது. ராணுவப் பொறியியல் பிரிவு 2006ல் அதன் படுகையைச் சீரமைத்து முடித்தது. கசட்டு மலை மேல் சம்மர்செட் என்ற குடியிருப்பு இருக்கிறது. அழகான வீடுகள். மில் தொழிலாளியின் பேரன் அங்கே வாங்க முடியுமா என்பது வேறு விஷயம். ஆனால் ஓடை எல்லோருக்கும் பொது. ஊர் மக்கள் மேசையில் உட்கார்ந்ததால் கிடைத்தது அது.

ஹேஸல்வுட்டில் கடைசி கல்கரி ஆலை 1998ல் மூடியது. 178 ஏக்கர். இந்த முறை முதலில் வந்தது அரசும் இல்லை, கட்டுமான நிறுவனமும் இல்லை. பிட்ஸ்பர்க்கின் பழைய தொழில் பணத்தில் உருவான அறக்கட்டளைகள் சேர்ந்து 2002ல் நிலத்தை வாங்கின. அவசரப்பட்டு விற்காமல் காத்திருக்க அவர்களால் முடிந்தது. மில் 19 என்ற 1943ஆம் வருஷத்து ஆலையின் இரும்புச் சட்டகத்தை அப்படியே விட்டு, கூரையில் சூரியத் தகடு பொருத்தி, உள்ளே ரோபோ ஆய்வகங்கள் வந்தன. ஓட்டுநர் இல்லாத கார்கள் அந்த வெற்றுநிலத்தில் பழகின. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஹேஸல்வுட் மக்கள் பல வருஷம் ஊரில் ஒரு மளிகைக்கடை வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்று இடத்திலும் மண்ணின் வில்லங்கம் தீர்ந்தது, அல்லது தீர்ந்ததாகச் சான்றிதழ் வந்தது. மனிதர்களின் வில்லங்கத்துக்கு எந்தச் சட்டமும் அளவுகோல் வைக்கவில்லை. ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் ஈயம் இருக்கலாம் என்று அட்டவணை உண்டு. வேலை இழந்த ஊருக்கு அந்த நிலத்தில் எத்தனை பங்கு என்று அட்டவணை கிடையாது. பொதுப் பணம் கொடுக்கும்போது அந்தப் பங்கையும் சேர்த்து எழுதச் சொல்ல மாநிலத்துக்கு வாய்ப்பு இருந்தது. எழுதியிருந்தால், கடன் வாங்கிய வரியில் ஒரு பகுதி எட்டாவது அவென்யூவுக்குப் போயிருக்கும்.

*

சாவி யார் கையில் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. மூடி வைத்த நஞ்சு பத்திரமாக இருக்க வேண்டுமானால், மேலே இருப்பவர் என்ன செய்யக் கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும். இங்கே கிணறு தோண்டாதே, இந்தக் கான்கிரீட்டைப் பெயர்க்காதே, குழந்தைகள் காப்பகம் கட்டாதே. பென்சில்வேனியா 2007ல் இதற்கென்று ஒரு சட்டம் இயற்றியது. இப்படிப்பட்ட நிபந்தனைகளைச் சுற்றுச்சூழல் உடன்படிக்கையாக எழுதி, கவுண்டியின் பத்திரப்பதிவேட்டில் பதிய வேண்டும். நிலம் எத்தனை கை மாறினாலும் அது கூடவே போகும். மாநிலத் துறை ஒரு பொதுப் பட்டியலும் வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

லவ் கேனால் பத்திரத்திலும் ஒரு ஷரத்து இருந்தது, இதிலும் இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி: கீழே நஞ்சு இருக்கிறது, ஜாக்கிரதை. அது விற்றவர் தப்பிக்க எழுதியது. இது வாழப்போகிறவர் தப்பிக்க எழுதியது. ஆனால் இதைச் செயலாக்க வருஷா வருஷம் ஒருவர் போய் மூடியில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். அது அடுத்த தேர்தலைத் தாண்டி, அடுத்த நூறு வருஷத்துக்கு வேண்டும். கம்பெனிகளுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. மாநிலம், கவுண்டி, நகராட்சி என்று நாம் அலுத்துக்கொள்ளும் அலுவலகங்களுக்குத்தான் உண்டு.

பள்ளத்தாக்கில் புகை இன்னும் நிற்கவில்லை. கார்னகி 1875ல் தொடங்கிய எட்கர் தாம்சன் ஆலை பிராடக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. கிளேர்ட்டனில் கல்கரி வேகிறது. காற்று இறங்கும் நாட்களில் எங்கள் தெரு வரைக்கும் அழுகிய முட்டை வாடை வரும். 2025ல் இவை இரண்டும் ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் கைக்குப் போயின. பத்திரத்தில் பெயர் மாறியாயிற்று. என்றைக்கோ ஒருநாள் இந்த ஆலைகளும் மூடும். அன்றைக்கு மண்ணைச் சோதிக்க ஆட்கள் வருவார்கள், அளவுகோல் தயாராக இருக்கிறது, மானிய விண்ணப்பமும் தயார். அந்த மேசையில் பிராடக்காரர்களுக்கும் கிளேர்ட்டன்காரர்களுக்கும் நாற்காலி போடுவதை மட்டும் ஆலை ஓடும்போதே பேசி முடித்துவிட வேண்டும். மூடிய பிறகு கேட்டால் பன்னிரண்டு புகைபோக்கிதான் மிஞ்சும்.